குட்டி லினக்ஸுக்குப் பத்துக்கு இரண்டு

எங்கள் ஊரில் சண்டைக்குப் பஞ்சமே கிடையாது. பௌர்ணமிக்கு வண்டி நிறுத்த இடம் பிடிக்கச் சண்டை, லாட்ஜில் வெந்நீர் வரவில்லை என்று சண்டை, கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தலை யார் முதலில் போட்டது என்று சண்டை. சாப்பாடு போடுவதற்கே அடித்துக்கொள்கிற ஊர் இது. அதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கே, ஒரு சின்ன மென்பொருளுக்கு எவரோ மார்க் குறைத்துப் போட்டுவிட்டார் என்று உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் கிளம்பி வந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதைப் பார்த்தபோது வாய் பிளந்துவிட்டது. அந்தச் சண்டையின் வேர் என் கடையில் இருந்ததை நான் இன்றுவரை எங்கும் முழுசாக எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர். ஆறும் சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்டது. பிளைவுட் தடுப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே சத்தத்தை மட்டும் தாராளமாகக் கொடுக்கிற ஒரு ஃபேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள். வேட்டி கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், 'நான் மௌனத்தில் இருக்கிறேன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார்கள். மூன்று மணி நேரம் யாருடனோ டப்டப்பென்று சாட்டிங் செய்துவிட்டு, மறுபடி மௌனமாகப் போவார்கள்.

மிஷின்களுக்கு வாரம் ஒரு வைரஸ் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆறையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவதே என் வேலை. அந்தக் காலத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை அட்டையில் ஒட்டிக் கொடுத்த சிடியில் அந்தக் குட்டி லினக்ஸ் வந்தது. லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள், உலகத்தின் மூலை முடுக்கில் உட்கார்ந்து ஒரு கூட்டம் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. அதில் பல வகை உண்டு. இது இருப்பதிலேயே ஒல்லி. பழைய டப்பா மிஷினில்கூட எழுந்து நின்று ஓடும். என் கடையில் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆறு மிஷினும் பறந்தது. வைரஸும் அண்டவில்லை. அன்றிலிருந்து நான் குட்டியின் பக்தன் ஆகிவிட்டேன். பக்தர்கள் சேர்வதற்கு எங்கள் ஊரில் கேட்கவா வேண்டும், சீக்கிரமே ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டோம்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு என் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூடுவோம். வருவது எட்டுப் பேர். அதில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் எங்கள் தலைவர். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் பார்ப்பவர். இருபது வருஷம் கோப்பு எழுதிய கை. கூட்டத்தில் டீ சொல்வதற்குக்கூட "தேநீர் வரவழைப்பது சார்பாக" என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் டீச்சர். செங்கம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லிக் கொடுப்பவர். பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட வேலை, நிரந்தரம் கிடையாது.

டீச்சருடைய பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது தலைமை ஆசிரியை அறையில், பூப்போட்ட துணி போர்த்தி, ஸ்டூல் மேல் இருந்தது. யாரும் கிட்டே போகக் கூடாது. பிளஸ் டூவில் நாற்பது பெண்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துப் படித்தார்கள். நாற்பதும் புத்தகத்தை மனப்பாடம் செய்துதான் படித்தது, செய்முறைத் தேர்வுக்குக்கூட.

"சார், நீச்சல் கத்துக் குடுக்குறேன்னு சொல்லி கரையிலயே ஒக்கார வெச்சிருக்கேன் சார் நானு. எனக்கே அசிங்கமா கீது" என்று ஒருநாள் டீச்சர் வெடித்தார். அவர் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசியதும் எல்லோரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டோம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அவருடைய அலுவலகத்தில் ஒரு அறை நிறையக் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் பத்து தூங்கிக்கொண்டிருந்தன. புது மிஷின் வந்ததும் தள்ளி வைத்தது. வேறு எந்த மென்பொருளும் அதில் ஏறாது, ஏறினாலும் நகராது. குட்டி மட்டும் ஓடும். மறு வாரம் தலைவர் தன் அதிகாரியின் கண் முன்னால் அதில் ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதிகாரி நல்ல மனுஷன். "பரவால்லையே, எழுந்துகிச்சே! பசங்களுக்கு ஆவும்னா குடுத்துடலாம். ஃபைல் போடுங்க" என்றார். ஃபைல் போட்டாயிற்று. பத்து மிஷினையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது என்று எழுதி, ஒவ்வொரு மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த டேபிள்ல சார் கீது?"

ஆயுத பூஜை முடிந்து சில வாரம் கழித்து அந்த மதிப்புரை வந்தது.

மென்பொருள்களை அலசி மார்க் போடுகிற ஒரு வெளிநாட்டு இணையதளம். எங்கள் குட்டிக்குப் பத்துக்கு இரண்டு போட்டிருந்தார்கள். எழுதியவர் சொந்தப் பெயர் போடவில்லை, ஏதோ புனைபெயர். 'அரை மணிக்கு ஒரு முறை உறைந்துபோகிறது. பழைய மிஷினுக்கு உயிர் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து உயிரை எடுக்கிறது' என்று முடித்திருந்தார்.

உலகம் முழுக்க இருக்கும் குட்டி பக்தர்கள் கூடிப் பேசுவதற்கு ஒரு மன்றம் இருந்தது. இணையத்தில்தான். நாங்களும் அதில் உறுப்பினர்கள். மதிப்புரை வந்த அன்று மாலைக்குள் அங்கே கொளுத்திப் போட்டாயிற்று. ஒருவர், இந்த ஆளுக்குக் கையேடு படிக்கத் தெரியவில்லை என்றார். அவர் காட்டிய கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால், 'இப்பகுதி இனிமேல் எழுதப்படும்' என்று இருந்தது. ஒருவர் தன் வீட்டில் பன்னிரண்டு வருஷத்துப் பழைய மிஷினில் குட்டி ஓடுவதாகவும், தன் மனைவிகூட அதைக் குறை சொன்னதில்லை என்றும் எழுதினார். அவருக்கு மனைவியே கிடையாது என்று இன்னொருவர் எழுதினார். வேறு ஒரு லினக்ஸின் பக்தர் நடுவில் புகுந்து, எங்களுடையதற்கு வந்துவிடுங்கள், அங்கே இந்தப் பிரச்சினையே இல்லை என்று ஆள் பிடித்தார். அவரைத் துரத்துவதற்கே இரண்டு நாள் போனது. 'இந்த மன்றத்தின் தரம் தாழ்ந்துவிட்டது, நான் விலகுகிறேன், இதுவே என் கடைசிக் கடிதம்' என்று நீளமாக எழுதிவிட்டுப் போனார் ஒரு பெரியவர். மறுநாள் காலையில் வந்து, தன் கடைசிக் கடிதத்துக்கு யாரும் பதில் போடவில்லையே என்று கேட்டார்.

இத்தனை பேரில் மதிப்புரையை முழுசாகப் படித்தவர் எத்தனை பேர் என்று எனக்கு இன்றும் சந்தேகம். மார்க்கைப் பார்த்தார்கள், கடைசி வரியைப் பார்த்தார்கள், கிளம்பிவிட்டார்கள். எங்கள் சங்கத்திலும் அதே கதைதான். படித்தது நான் ஒருவன். அதுவும் சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஆளில்லை, பொழுது போகவில்லை என்பதால்.

நடுவில் ஒரு பத்தி. தென்னிந்தியாவில் ஒரு மலையடிவாரக் கோயில் ஊரில் தங்கியிருப்பதாகவும், அங்கே ஒரு சின்ன பிரவுசிங் சென்டரில் ஒரு வாரம் தினமும் உட்கார்ந்து இந்த லினக்ஸைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். வாசலுக்கு நேராக இருக்கும் மிஷின் என்றும், கடைக்காரர் அன்பானவர், அந்த மிஷினின் நெற்றியில் வெள்ளையாக மூன்று கோடு போட்டிருக்கிறார் என்றும் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு நேராக நாலாம் நம்பர் மிஷின். அதன் நெற்றியில் மூன்று கோடு.

சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு மற்ற ஐந்து மிஷினுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், அவ்வளவுதான். நாலாம் நம்பர் மட்டும் முன்னால் இருப்பது, கடைக்கே லட்சணம். அந்தப் பெட்டியின் முகப்பில் காற்றுப் போக மூன்று வரிசையாக நீளநீள ஓட்டை. அந்த மூன்று வரிசையைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் பட்டை அடிக்கத்தான் கை வரும். விபூதியைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் ஓர் இழுப்பு. அடடா, என்ன அழகு! கற்பூரம் காட்டும்போது எனக்கே புல்லரித்தது. பூஜை போட்ட விபூதியை யாராவது துடைப்பார்களா? தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். அது உதிரவில்லை. காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகிவிட்டது. பெட்டியின் பின்பக்கமோ சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் எந்த மிஷின் ஓடும்? சூடேறி அரை மணியில் நின்றிருக்கிறது. வாடிக்கையாளர்கள் குறை சொன்னபோதெல்லாம் நான் கரண்ட்டைத் திட்டியிருக்கிறேன்.

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினேன். மிஷினை ஓட விட்டேன். சாயங்காலம் வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எழுதியவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. தினமும் பத்து மணிக்கு வந்து நாலாம் நம்பரில் உட்காரும் ஒரு வெள்ளைக்காரர். ஐம்பது வயதிருக்கும். ஆசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். "வணக்கம், நல்லா கீறீங்களா?" என்று எங்கள் ஊர்ப் பேச்சையே பிடித்துக்கொண்டவர். மிஷின் நின்றுபோகும்போதெல்லாம் எழுந்து வந்து, மிகவும் பணிவாக, "மறுபடியும் தூங்கிடுச்சி" என்பார்.

மறுநாள் ஞாயிறு. கூட்டத்தில் எல்லோரும் முறுக்கேறி வந்திருந்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"எவன்டா அவன்? குட்டிய பத்தி பேச அவனுக்கு இன்னா யோக்கியதை கீது? விட்டா ஜாஸ்தி ஆடுவான். எழுத்து மூலமா கேக்கணும் தம்பி, எழுத்து மூலமா!"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'தலைவரே, தப்பு நம்ம மிஷினோடது, நான்தான் பட்டை அடிச்சு ஓட்டையை மூடிட்டேன்' என்று ஒரு வாக்கியம். சிரித்திருப்பார்கள், ஒரு மாதம் கிண்டல் செய்திருப்பார்கள், அதோடு போயிருக்கும். எனக்கு வெட்கம். ஊரிலேயே லினக்ஸ் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன், காற்றோட்டத்தை அடைத்து மிஷினை அவித்தான் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். மூடியதோடு விட்டேனா, தலைவர் சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தை நானே உட்கார்ந்து டைப் அடித்தேன். நாலாம் நம்பரில்தான். ஒன்றரை மணி நேரம், நின்றுபோகாமல் ஓடியது.

கடிதம் ஆங்கிலத்தில். ஆனால் அச்சு அசல் அரசாங்கக் கடிதம். பொருள்: தவறான மதிப்புரையைத் திரும்பப் பெறக் கோருதல், சார்பாக. பார்வை: தங்கள் இணையப் பக்கம். 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் உரிய விளக்கம் அளிக்கத் தவறும் பட்சத்தில் மேல்நடவடிக்கை தொடரப்படும்.' கீழே நகல் யார் யாருக்கு என்று ஒரு பட்டியல். கையெழுத்து இடத்தில் தலைவரின் பெயர், பதவி, அலுவலகம், மாவட்டம். மிரட்ட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இருபது வருஷமாக வேறு மாதிரி கடிதம் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. மகளுக்கு ஒரு நாள் லீவு கேட்டு எழுதினாலும் கீழே பதவியைப் போடுகிற மனுஷன்.

முடிக்கிற சமயத்தில் ஷட்டரைத் தட்டி, குனிந்து உள்ளே வந்தார் வெள்ளைக்காரர். ஏதோ அவசர மெயில் பார்க்க வேண்டுமாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைவருக்கோ ஏக சந்தோஷம்.

"வாங்க சார், வாங்க! கரெக்டான ஆளு வந்துட்டாரு. இந்த லெட்டர்ல இங்கிலீஷ் கரெக்டா கீதானு கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். தன்மேல் எழுதப்பட்ட கடிதத்தை வரி வரியாக, நிதானமாகப் படித்தார். இரண்டு இடத்தில் பிழை காட்டினார். திருத்தினேன். "ரொம்ப நல்லா கீது. பயமா கீது" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த தடுப்புக்குள் போய் மெயில் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுப் போனார். "எவ்ளோ பண்பான ஆளு பாருங்க, இவருகிட்ட கத்துக்கணும் அவன்" என்றார் தலைவர்.

கடிதத்தை மன்றத்திலும், மதிப்புரை வந்த இணையதளத்திலும் போட்டோம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. 'பொருள்', 'பார்வை', 'மேல்நடவடிக்கை' எல்லாம் எங்களுக்குத் தினமும் பார்க்கிற சோற்றுப் பருக்கை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது தெரியுமா? ஒரு மென்பொருளைக் குறை சொன்னதற்காக இந்திய அரசாங்கமே நோட்டீஸ் விட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அந்த இணையதளத்தின் முதலாளி அதைக் கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தில் போட்டார். வெள்ளைக்காரர் அவருக்கு எழுதினாராம், இது அரசாங்கம் இல்லை, ஒரு சின்னச் சங்கம், நல்ல மனுஷர்கள் என்று. கூட்டம் வருகிறது, இருக்கட்டும் விடு என்று பதில் வந்ததாம்.

நூறு பேர் படித்துவிட்டு மறந்திருக்க வேண்டிய மதிப்புரை. இப்போது ஊர் உலகமே படித்தது. மன்றத்தில் புதுக் கட்சிகள் முளைத்தன. பேச்சுரிமைக்காக ஒரு கோஷ்டி, குட்டியை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பெருமைப்பட ஒரு கோஷ்டி. பேச்சுரிமைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தலைவர் கடிதத்தின் கீழே இருந்த அலுவலகத்தின் மெயில் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து, இதுதான் உங்கள் அரசாங்கத்தின் கொள்கையா என்று கேட்டு மூட்டை மூட்டையாக மெயில் அனுப்பினார்கள்.

அதுவரை அந்த அலுவலகத்து மெயில் பெட்டியில் மாதம் இரண்டு கடிதம் வந்தால் அதிகம். அதிகாரி ஒரு காலையில் திறந்தார். எத்தனையோ தேசத்திலிருந்து திட்டு. மனுஷன் ஆடிப்போய்விட்டார். அரசு வழக்கப்படி எதையும் தூக்கிப் போடவில்லை. மதிப்புரை, கடிதம், பதில், எதிர்ப்பதில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துத் துளை போட்டு, கயிறு கோத்துக் கோப்பில் கட்டினார். எந்தக் கோப்பு? லினக்ஸ் என்ற வார்த்தை இருந்த ஒரே கோப்பு. பத்து மிஷினையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லி அவர் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்த கோப்பு.

தலைவருக்கு விளக்கம் கேட்டு மெமோ. டீச்சர் கேட்டதற்கு 'பரிசீலிக்க இயலாது'. காரணம் என்று எழுதியிருந்தது ஒரே வரி: மேற்படி மென்பொருள் அரை மணிக்கொருமுறை செயலிழப்பதாக அறியப்படுகிறது.

அந்த வரியைத் தலைவர் என் கடையில் நின்று படித்துக் காட்டினார். முகம் செத்துப்போயிருந்தது. டீச்சரும் இருந்தார். "பொய் சார் அது! நீங்க ஓட்டிக் காமிச்சீங்களே, அவரு பாத்தாரே!" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார், நானாவது ஏதாவது சொல்லுவேன் என்று. நான் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளைக்காரர் வந்ததும் அவரிடம்தான் முதலில் சொன்னேன். ஊர்க்காரனிடம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது, அதுவும் கோழைத்தனம்தான். அவர் நாலாம் நம்பரின் முகப்பைத் தடவிப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பள்ளிக்கூடத்து விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அங்கேயே உட்கார்ந்து மதிப்புரையின் அடியில் ஒரு திருத்தம் எழுதினார். தான் பயன்படுத்திய மிஷினில் காற்றோட்டம் அடைபட்டிருந்தது, லினக்ஸின் மேல் தவறில்லை, இப்போது ஒரு நாள் முழுக்க ஓடியது, பத்துக்கு ஏழு. நானும் மன்றத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். விபூதி என்றால் என்ன என்று விளக்கியே பாதிப் பக்கம்.

ஒருவரும் நம்பவில்லை. கம்ப்யூட்டருக்குச் சாம்பல் பூசுவார்களாம், நல்ல கற்பனை என்றார் ஒருவர். நானும் மதிப்புரைக்காரரும் ஒரே ஆள், இரண்டு பெயரில் எழுதுகிறோம் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். எந்த வகைச் சாம்பல், அதன் வெப்பக் கடத்துத்திறன் என்ன என்று மூன்றாமவர் கேட்டார். அதற்கு மட்டும் நாற்பது பதில் வந்தது. குட்டியின் அடுத்த பதிப்பு வெளியானதும் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

திருத்திய மதிப்புரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நான் வேங்கிக்கால் போனேன். அதிகாரி உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை.

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். நானும் நெத்தியில பட்டை போட்டவன்தான், புரியுது. ஆனா ஃபைல்ல ஒரு பேப்பர கோத்துட்டா கோத்ததுதாங்க. அத எடுக்க எனக்கு பவர் இல்ல. இத கோத்தாலும், அது ரெண்டுனு சொல்லுது, இது ஏழுனு சொல்லுது. மேல கேட்டா எதை நான் நம்புறது?"

"மறுபடியும் ஒருதரம் ஓட்டிப் பாத்துடலாமே சார், இப்பவே."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அது இருந்தா ஓட்டலாம். போன வெள்ளிக்கிழமை அந்த ரூமையே காலி பண்ணி ஏலத்துல விட்டுட்டோம். காயலான் கடைக்காரன் டெம்போல ஏத்திட்டு போயிட்டான்."

டீச்சரிடம் நேராகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தபோது, அவர் மன்றத்தில் நான் எழுதியதை எங்கோ படித்துவிட்டார். ஒரு ஞாயிறு வந்தார். "கூட்டத்துக்கு முந்தின நாளே தெரியுமா சார் உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியும் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பிறகு சங்கத்துக்கு வரவில்லை. தலைவரும் மெமோவுக்குப் பிறகு கம்ப்யூட்டர் என்ற பேச்சையே எடுப்பதில்லை. சங்கம் அத்தோடு படுத்துவிட்டது.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அந்த வருஷங்களில் ரிசல்ட் அன்று பிரவுசிங் சென்டர்தான் கோயில். கடை வாசலில் நிற்க இடமில்லை. பதினோரு மணிக்கு மேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சர் வந்தார், பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அவர்கள் கிராமத்தில் நெட் கிடையாது. ஊரில் வேறு இரண்டு சென்டர் இருந்தது. அங்கே இதைவிடக் கூட்டம் போல. டீச்சர் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு கொஞ்சம் பாத்து குடுங்க சார்" என்றார். அந்நியரிடம் பேசுகிற மாதிரி.

நாலாம் நம்பர் அப்போதுதான் காலியானது. முதலில் வந்த பெண் ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, "ஒக்காரும்மா, நீயே போட்டுப் பாரு" என்றேன். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தொடலாமாண்ணா?"

தொடலாம் என்றேன். ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி ஒற்றை விரலால் நம்பரை அடித்தாள். ஓர் எண்ணை அடித்ததும் திரையில் வந்துவிட்டதா என்று பார்த்து, டீச்சரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். முடிந்தது. "இப்ப அந்தப் பட்டனை அழுத்தும்மா" என்றேன். அவள் எழுந்து குனிந்து, திரையின் கண்ணாடியில் பட்டன் தெரிந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. பலமாக அழுத்தினாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கையை நீட்டி மவுஸைக் கிளிக் செய்தேன். பக்கம் வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ், இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு. "டீச்சர், நூத்தி தொண்ணூத்தி நாலு!" என்று கத்திக்கொண்டு அவள் டீச்சரைக் கட்டிக்கொண்டாள். டீச்சர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வரிசையில் அடுத்து நின்ற பெண் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினாள், நாற்காலியில் உட்காரவில்லை. அவளுக்கு நானே பார்த்துச் சொன்னேன்.